காற்று வருகிறது, சூடு வரவில்லை

டொரன்டோவிலோ வின்னிப்பெக்கிலோ ஜனவரி மாதக் காலையில் காரைக் கிளப்பிக் கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால், அக்கம்பக்கத்தில் கேட்பவருக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, ‘தெர்மோஸ்டாட் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்’. மற்றது, ‘ஹீட்டர் கோர் அடைத்திருக்கும்’. சில கார்களில் இவை உண்மையாகவே இருக்கும். ஆனால் இரண்டுமே ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அந்தப் பாகம்தான் என்று எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் ஹீட்டர் என்று தனியாக ஓர் இயந்திரம் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட்டின் ஒரு கிளைதான் காரின் உள்ளே சூடு தருகிறது. ஆகவே சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியே வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே பழுது எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பாகம் வாங்குவது இந்தத் தேடலின் கடைசிப் படி. அதையே முதல் படியாக்கினால் பணமும் வீணாகும், உண்மையான பழுதும் மறைந்துபோகும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

ஸ்வெட்டரையும் தடித்த ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். உடம்புக்கு அது சரி, முன்கண்ணாடிக்குச் சரிவராது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் எண் விதி, முன்கண்ணாடியின் உறைபனியையும் உள்ளே படியும் ஆவியையும் நீக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அமைப்புக்குச் சூடு தருவதும் இதே ஹீட்டர்தான். அதோடு, சூடு வராமல் போவது கூலன்ட் குறைந்துவிட்டதற்கான முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அப்படியானால் அடுத்து பாதிக்கப்படுவது இன்ஜின்.

சூடு வரும் வழி

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. அதே அளவுக்கு நெருக்கமான இன்னொரு பங்கு இன்ஜின் சுவர்கள் வழியாகக் கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. வாட்டர் பம்ப் அந்தக் கூலன்ட்டைச் சுழற்றுகிறது. இன்ஜின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் மூடியிருந்து, ரேடியேட்டருக்குப் போகும் பெரிய வழியை அடைத்துவைக்கிறது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரியும்போது, பெரும்பாலான கார்களில் 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள், அது திறக்கத் தொடங்கும். ஆனால் ஹீட்டருக்குப் போகும் சிறிய கிளை பல கார்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் திறந்தே இருக்கும். இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு ரப்பர் ஹோஸ்கள் போகின்றன: ஒன்றில் சூடான கூலன்ட் உள்ளே போகும், மற்றதில் சற்றுச் சூடு தணிந்து திரும்பும். அவற்றின் மறுமுனையில், டேஷ்போர்டுக்குப் பின்னால், தடித்த புத்தகம் அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். புளோயர் தள்ளும் காற்றில் எவ்வளவு இந்தக் கோர் வழியே போகவேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் விலகிப் போகவேண்டும் என்பதைப் பிளெண்ட் டோர் என்கிற சிறு கதவு தீர்மானிக்கிறது. நீங்கள் திருகும் டெம்பரேச்சர் குமிழ், இன்றைய கார்களில் பெரும்பாலும், இந்தக் கதவைத்தான் நகர்த்துகிறது.

இந்த வழியில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன: சூட்டை உண்டாக்கிச் சேர்த்துவைக்கும் இன்ஜினும் தெர்மோஸ்டாட்டும், அதைச் சுமந்துவரும் கூலன்ட்டும் பம்ப்பும், அதை வாங்கிக்கொள்ளும் ஹீட்டர் கோர், கோரிலிருந்து காற்றுக்கு மாற்றித் தரும் கதவும் புளோயரும். காற்றே வரவில்லை என்றால் சிக்கல் நான்காம் கட்டத்தில், மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது: ஃபியூஸ், புளோயர் மோட்டார், அல்லது அதன் ரெசிஸ்டர். மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் காற்று வந்து மற்ற வேகங்களில் வராவிட்டால் ரெசிஸ்டர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். காற்று வருகிறது, ஆனால் பலமில்லை என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மேப்பிள் இலைச் சருகு அடைத்த ஃபில்டர் இலையுதிர்காலம் முடிந்தவுடன் எல்லா கராஜ்களிலும் காணக் கிடைக்கும். இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்வது இவற்றைவிடச் சிக்கலான நிலையை: காற்று பலமாக வருகிறது, சூடு மட்டும் இல்லை.

முதலில் கூலன்ட் அளவு

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, அதாவது இரவு முழுக்க நின்ற கார்களில் காலையில், பானட்டைத் திறந்து கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் வட்டம் ஏறக்குறைய 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 129 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவித்த கணமே அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். ஆறிய இன்ஜினில் தொட்டியின் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டும். ரேடியேட்டருக்கே தனி மூடி உள்ள கார் என்றால் அதையும் திறந்து பார்த்துவிடுங்கள். மூடியின் ரப்பர் கெட்டுப்போனால், ஆறும்போது தொட்டியிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் குறைந்திருக்கும். தொட்டியை மட்டும் பார்த்து ‘தண்ணீர் சரியாகத்தானே இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து.

கூலன்ட் குறையும்போது இன்ஜினுக்கு முன்னால் ஹீட்டர் நிற்பதற்குக் காரணம் உண்டு. பல கார்களில் ஹீட்டர் கோர் கூலன்ட் வட்டத்தின் உயரமான இடங்களில் ஒன்றில் இருக்கிறது. அளவு குறைந்தால் காற்று மேலே போய் அங்கே தங்கிக்கொள்ளும்; கோருக்குள் கூலன்ட் போகாது. இன்ஜினைச் சுற்றி இன்னும் போதுமான கூலன்ட் இருப்பதால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ‘முள் நடுவில் இருக்கிறது, கூலன்ட்டில் குறையில்லை’ என்ற வாதம் இங்கே இரண்டு காரணங்களால் விழுந்துவிடுகிறது. பல நவீன கார்களில் முள் உண்மை வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை; 80 டிகிரியிலிருந்து நூறுக்குக் கொஞ்சம் மேல்வரை எங்கே இருந்தாலும் நடுவில் நிற்கும்படி அதை அமைத்துவிடுகிறார்கள், ஓட்டுநர் பதறாமல் இருக்க. மேலும் கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், உள்ளே இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் சாதாரணமாகக் காட்டக்கூடும். முள் ஒரு சான்று. முழுச் சான்று ஆகாது. ஆனால் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, ஹீட்டரிலோ குளிர்காற்று என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். கூலன்ட் இல்லை, அல்லது சுழலவில்லை என்பதையே அந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

எப்போது சூடு வருகிறது, எப்போது போகிறது

கருவி எதுவும் இல்லாமலே கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, சூடு வருவதும் போவதும் எந்த நேரத்தில் என்பது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்று குளிர்ந்து, நகர நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடாகிறதா? தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். வேகத்தில் ரேடியேட்டர் மீது பாயும் மைனஸ் 15 டிகிரிக் காற்று, மூடியிருக்கவேண்டிய வழியில் ஓடும் கூலன்ட்டை இன்ஜின் சூடாக்குவதைவிட விரைவாகக் குளிர்வித்துவிடுகிறது. நெரிசலில் அந்தக் காற்று இல்லை, சூடு தேங்குகிறது. இதற்கு நேர்மாறாக, சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் சூடு வருகிறதா? கூலன்ட் குறைவு, உள்ளே தங்கிய காற்று, அல்லது தேய்ந்த வாட்டர் பம்ப் என்று தேடவேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பம்ப்பின் தள்ளுவிசை குறைவு. கோரில் தங்கிய காற்றைத் தாண்டிக் கூலன்ட்டைத் தள்ள அந்த விசை போதாது. வேகம் கூடினால் தள்ளிவிடும். எந்த நேரத்திலும், எந்த வேகத்திலும் ஒரே மாதிரி குளிர்காற்றுதான் என்றால் கோர் அடைப்பையும் பிளெண்ட் டோரையும் சந்தேகிக்கலாம். ஓட்டுநரின் பக்கம் சூடு, பக்கத்து இருக்கைப் பக்கம் குளிர் என்று பிரிந்து வந்தால், இரண்டு பக்கமும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் கார்களில் ஒரு பக்கத்துக் கதவு மோட்டார் முதல் சந்தேகம்; என்றாலும் கோர் பாதி அடைத்த கார்களும் கூலன்ட் குறைந்த கார்களும் இதே போலக் காட்டுவதுண்டு.

இன்னொரு வகை, கடுங்குளிர் காலையில் மட்டும் தெரிவது: காரைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, ஹீட்டரிலோ சூடு துளியும் இல்லை. கோடையில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கூலன்ட் நீர்த்துப்போன கார்களில் இது நடக்கும். நீர்த்த கூலன்ட் ரேடியேட்டரிலோ ஹோஸிலோ பாதி உறைந்து கஞ்சிபோல் கெட்டியாகி ஓட்டத்தை மறிக்கிறது. அதை ஓட்டிச் சூடாக்கிக் கரைத்துவிடலாம் என்று முயலாதீர்கள். அணைத்துவிட்டு, சூடான கராஜுக்கு இழுத்துச் சென்று கரையவிட்டு, கூலன்ட்டை மாற்றுவதே வழி.

இரண்டு ஹோஸ்கள் சொல்வது

அளவு சரியாக இருக்கிறது, நேரக்கணக்கும் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது ஹோஸ்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து, திறந்தவெளியில் நிறுத்துங்கள். கதவு மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. குமிழை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைக் குறைந்த வேகத்தில் விடுங்கள். புளோயரை ஏன் குறைக்கவேண்டும்? மைனஸ் 20 டிகிரிக் காற்றை முழு வேகத்தில் உள்ளே இழுத்தால் சிறிய இன்ஜினின் ஐடிலிங் சூடு அதற்கு ஈடுகொடுக்காது. பழுதே இல்லாத காரும் பழுதானதாகத் தெரியும். இப்போது தடுப்புச் சுவருக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்துபாருங்கள். கறுப்பு ரப்பரின் மீது குறிவையுங்கள்; பளபளக்கும் உலோகக் குழாயைக் குறிவைத்தால் இந்தக் கருவி தவறாகக் குறைத்துக் காட்டும். கருவி இல்லையென்றால் கையுறை அணிந்த கையால் ஒரு நொடி தொட்டுப் பார்த்தாலே போதும், ஆனால் பெல்ட்டும் விசிறியும் சுழல்வதால் சட்டைக் கையையும் மஃப்ளரையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் விசிறி எந்த நேரத்திலும் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

கிடைக்கும் விடைகள் மூன்றுதான். இரண்டு ஹோஸ்களும் 80 டிகிரியை ஒட்டிச் சூடாக இருந்தால், கூலன்ட் வந்து போய்க்கொண்டிருக்கிறது. பழுது காற்றுப் பக்கத்தில். டெம்பரேச்சர் குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மெல்லத் திருகிக்கொண்டே டேஷ்போர்டுக்குப் பின்னால் காது கொடுங்கள். ‘டக் டக் டக்’ என்று விட்டு விட்டு ஒரு சத்தம் வந்தால், பிளெண்ட் டோரைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் காற்றின் சூடும் மாறவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பழைய கார்களில் கேபிள் கழன்று தொங்கும். இரண்டாவது விடை, ஒரு ஹோஸ் கொதிக்கிறது, மற்றது ஆறிக்கிடக்கிறது. கூலன்ட் கோரின் வாசல்வரை வருகிறது, உள்ளே ஓடவில்லை. கோருக்குப் போகும் ஓட்டத்தைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு உள்ள கார்களில் அது மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம், கோரில் காற்று தங்கியிருக்கலாம், கோர் அடைத்திருக்கலாம். இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள், ஏனென்றால் செலவும் இதே வரிசையில் கூடுகிறது. மூன்றாவது விடை, இரண்டுமே வெதுவெதுப்பு, அல்லது குளிர். கூலன்ட் அளவு சரியென்று முன்பே பார்த்துவிட்டதால், இன்ஜினே சூடாகவில்லை, அல்லது பம்ப் தள்ளவில்லை.

அந்த இரண்டில் எது என்று பிரிக்க, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவி உதவும். கனடாவில் 1998 மாடல் முதல், அமெரிக்காவில் 1996 முதல், பெட்ரோல் கார்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே அதைச் செருகும் பொதுவான பிளக் இருக்கிறது. சின்ன ரீடரைச் செருகி போனில் பார்த்தால் முள் மறைக்கும் உண்மையான கூலன்ட் வெப்பம் தெரியும். நெடுஞ்சாலையில் அது 60, 65 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் மீதான சந்தேகம் வலுக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸும் இதையே சொல்லும்: தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் காலையில் கிளப்பியதிலிருந்து சில நிமிடம் அந்த ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும், சிக்கிக்கொண்டிருந்தால் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகும். பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால், எதிர்பார்த்த நேரத்தில் கூலன்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான் காரணம். கூலன்ட் குறைவும் கெட்ட சென்சாரும்கூட இதே குறியீட்டைக் கொடுக்கும். கருவி வெப்பம் 90 டிகிரி என்று காட்ட, ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டும் குளிர்ந்திருந்தால், பம்ப் மீதும் உள்ளே தங்கிய காற்றின் மீதும் பார்வையைத் திருப்புங்கள்.

‘மலிவான பாகம்தானே, மாற்றிப் பார்த்துவிடலாமே’

இத்தனை ஆராய்ச்சிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பலமானது இதுதான். தெர்மோஸ்டாட் விலை குறைவு. பல கார்களில் சுலபமாக மாற்றலாம். சூடு வராத கார்களில் அது காரணமாக இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் நேராக மாற்றிவிடுவதில் என்ன தவறு? தவறு இதில் இருக்கிறது: தெர்மோஸ்டாட்டை மாற்றக் கூலன்ட்டை வடிக்கவேண்டும், மாற்றிய பின் நிரப்பி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். ஒரே வேலையில் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. உண்மையான பழுது ஹோஸ் இணைப்பில் இருந்த சிறு கசிவும் அதனால் குறைந்த கூலன்ட்டும் என்றால், நிரப்பியதாலேயே ஹீட்டர் சூடாகிவிடும். பெயர் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். கசிவு அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் சூடு மறுபடி போகும், அப்போது ‘புது தெர்மோஸ்டாட் போட்டாயிற்று, அது இல்லை’ என்று ஹீட்டர் கோரைக் கை காட்டுவார்கள். கோரை மாற்ற பல கார்களில் டேஷ்போர்டையே கழற்றவேண்டும். கூலிதான் அதில் பெரிய தொகை. சூடு திரும்பிவந்ததை மட்டும் வைத்து மாற்றிய பாகம்தான் பழுது என்று சொல்லிவிட முடியாது. மாற்றுவதற்கு முன் அளவு, ஹோஸ், நேரம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருந்தால்தான் எது சரியானது என்று பின்னால் நிரூபிக்க முடியும்.

கூலன்ட் குறைந்திருந்தது என்று கண்டுபிடித்த இடத்திலும் தேடல் முடிவதில்லை. மூடிய வட்டத்திலிருந்து அது தானாகக் குறையாது, எங்கேயோ போயிருக்கிறது. காரின் அடியில் சொட்டு, பம்ப்பின் கீழ் உலர்ந்த வெள்ளைப் படிவு, ரேடியேட்டர் ஓரத்தில் நிறக்கறை ஆகியவற்றைத் தேடுங்கள். உள்ளே இனிப்பு மணம், முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், பக்கத்து இருக்கைக்காரர் கால் வைக்கும் கம்பளத்தில் ஈரம் என்று இருந்தால், கசிவது ஹீட்டர் கோரேதான். இந்த ஒரு நிலையில் கோரின் மீது முதலிலேயே கைவைக்கலாம். வெளியே ஒரு சொட்டும் இல்லை, காற்றை வெளியேற்றிய சில நாளில் மறுபடி காற்று சேர்கிறது, புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெண்புகை வருகிறது என்றால், இன்ஜினுக்குள் எரியும் வாயுவையும் கூலன்ட்டையும் பிரிக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிறத் திரவமுள்ள சோதனைக் குழாயை வைத்து உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்தால் பெட்ரோல் காரில் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும்.

கேள்விப்படும் கைவைத்தியங்கள்

‘பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள்’ என்பது வெப்ப நாட்டுப் பழக்கம். கோடையில் அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவும். பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்தால் ரேடியேட்டரும் இன்ஜின் பிளாக்கும் வெடிக்கும். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அப்படியென்றால் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. கலவாத கிளைகால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும், சூட்டைச் சுமக்கும் திறனும் அதற்குக் குறைவு. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, ஆரஞ்சு, ரோஸ், நீலம் என்ற நிறங்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொருள் கிடையாது. காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையையே பாருங்கள். சிந்தியதை உடனே துடையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சமே உயிரைக் குடித்துவிடும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரிந்த இன்னொரு வைத்தியம், தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவது. இன்ஜின் சூடாகிறது என்றால் சில மெக்கானிக்குகள் முதலில் செய்வது அதுதான். 35 டிகிரி வெயிலில் அதன் தீமை உடனே தெரிவதில்லை. வடக்கே வந்து அதையே செய்தால் ஹீட்டர் செத்துவிடும்; அதோடு, இன்ஜின் உரிய சூட்டை எட்டாததால் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருளைத் தெளித்துக்கொண்டே இருக்கும், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஹீட்டர் வேண்டாம் என்பவர்க்கும் தெர்மோஸ்டாட் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் செருகுவதும் இந்த வகைதான். லாரிகளுக்குத் தயாரிப்பாளரே தரும் பனிக்கால மறைப்புகள் இருக்கின்றன என்பது உண்மை. தெர்மோஸ்டாட் சிக்கிய காரில் அட்டை ஒருநாள் வீடுவரை கொண்டுசேர்க்கவும் செய்யும். ஆனால் அது பழுதை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை, நெரிசலில் மறந்துபோனால் இன்ஜினை மிஞ்சிச் சூடாக்கும்.

கசிவை அடைக்கும் டப்பா மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். சிறு ஓட்டையை அடைக்கும் அதே துகள்கள், ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் அடைக்கும். அடைத்துப்போன கோரைக் கழுவுவதென்றால், இன்ஜின் ஆறிய பின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தோட்டக் குழாய்த் தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில், வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விடுங்கள். முழு அழுத்தத்தில் விட்டால் பழைய கோரின் இணைப்பு பிளந்து, அடைப்பு கசிவாக மாறும். கழுவி முடித்ததும் உள்ளே நின்ற தண்ணீரை வடித்துவிடுங்கள்; இல்லையென்றால் கூலன்ட் நீர்த்துவிடும். வடிந்த கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாமல் நகராட்சியின் அபாயக்கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். பிறகு காற்றை வெளியேற்றவேண்டும்: மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஓடவிட்டு, அளவு இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே வருவது பழைய முறை, கூலன்ட் கொதிக்கும் முன் மூடிவிடவேண்டும். காற்றை வெளியேற்றத் தனித் திருகு வைத்த கார்களும், வெற்றிடக் கருவியால் மட்டுமே ஒழுங்காக நிரம்பும் கார்களும் உண்டு. கையேடு சொல்வதே உங்கள் காருக்கு முறை.

இந்த வரிசை பொருந்தாத கார்கள்

எல்லாக் கார்களுக்கும் இது பொருந்தாது என்ற மறுப்பு நியாயமானது. முழு எலெக்ட்ரிக் கார்களில் மின்சாரச் சூடேற்றியோ ஹீட் பம்ப்போ சூடு தருகிறது. அங்கே சூடு வராவிட்டால் உயர் அழுத்த மின்சாரத்தைத் தொடாமல் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் இன்ஜின் காற்றால் குளிர்வது. அதற்குக் கூலன்ட்டே கிடையாது, புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து சூடு வரும், அந்த உறை துருப்பிடித்தால் புகை உள்ளே கசியும். ஹைபிரிட் கார்களில் இன்ஜின் அடிக்கடி அணைந்துவிடுவதாலும், சிக்கனமான டீசல் இன்ஜின்கள் ஐடிலிங்கில் மிகக் குறைந்த சூட்டையே தருவதாலும், கொஞ்சம் சூடு குறைவது பழுதாகாது. ஆனால் இந்த விதிவிலக்குகள் வாதத்தைக் குலைப்பதில்லை. சூடு எங்கே பிறந்து எந்த வழியே வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதையே இவையும் சொல்கின்றன. வழி மட்டும்தான் மாறுகிறது.

கராஜுக்குப் போகும்போது

மேலே சொன்னவற்றில் ஹோஸைத் தொடுவதற்குமேல் எதையும் செய்ய விருப்பமில்லாதவர்க்கும் இந்த வரிசை பயன்படும். ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை, பாருங்கள்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆறிய இன்ஜினில் கூலன்ட் எந்தக் கோட்டில் இருந்தது, சூடு போவது நெடுஞ்சாலையிலா சிக்னலிலா, இரண்டு ஹோஸ்களில் எது சூடு எது குளிர், முள் எங்கே நின்றது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக்கின் சோதனை நேரம் அதனால் பாதியாகும். ஹீட்டர் கோரை மாற்றவேண்டும் என்று அவர் சொன்னால், உள்ளே போகும் ஹோஸ் சூடாகவும் திரும்பும் ஹோஸ் குளிர்ந்தும் இருந்ததா, காற்றை வெளியேற்றிப் பார்த்தாயிற்றா, கழுவிப் பார்த்தாயிற்றா என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஆமென்று பதில் வந்தால், அல்லது கம்பளத்தில் ஈரத்தைக் காட்டினால், டேஷ்போர்டைக் கழற்றச் சம்மதிக்கலாம். பதில் வராவிட்டால் அந்தப் பெரிய செலவுக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை என்று பொருள். கூலன்ட் தொட்டியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.